துருப் பிடிக்காத சிவப்புக் கார்

லாரிகளுக்குக் கூடு கட்டியே பிழைத்துவந்த கரட்டுப்பாளையத்தில் இரும்பைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வையாபுரியைத்தான் கூட்டிவருவார்கள். அவர் எந்த வண்டியையும் பெயின்ட்டைப் பார்த்து மதிக்கமாட்டார். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே விரலை வைத்து, "இங்கெ பட்டி பூசியிருக்குதுங்க, உள்ள பொத்தல்" என்பார். விற்க வந்தவன் மறுபேச்சில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இருபத்தெட்டு வருசமாக அவர் இரும்பைப் பற்றிச் சொன்னது ஒருதடவையும் தப்பியதில்லை என்பதால்தான், ஓலப்பாளையத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அவருடைய மாப்பிள்ளை நவநீதன், ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில் வாசலில் வந்து நின்று, "மாமா, ஒரு காரு பாக்கோணும், உங்க கையால தொட்டுப் பாத்துச் சொல்லீட்டீங்கன்னா வாங்கிப்போடுவேன்" என்றான்.

கார் உள்ளூரிலேயே இருந்தது. ஊர்க்கோடியில், கரட்டின் அடிவாரத்துத் தகரக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் பல வருசமாக நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் சவரிநாதன் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர்க்காரர். கடல் எழுந்து வீதிகளுக்குள் வந்த வருசம், காலைநடைக்குப் போன அவர் மனைவி ஆக்னஸ் திரும்பி வரவில்லை. ஆக்னஸ் ஆசைஆசையாக ஓட்டிய இந்தக் கார், அன்றைக்குப் பிரேக் வேலைக்காக ஊருக்கு உள்ளே ஒரு பட்டறையில் நின்றதால் தப்பித்தது. சவரிநாதன் ஒரு வரைபடத்தை விரித்து, எந்தக் கரையிலிருந்தும் எட்டத்தில் இருக்கிற ஊர் எது என்று நூல் பிடித்து அளந்து கரட்டுப்பாளையத்தைக் கண்டுபிடித்து, காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் மீன்கூடச் சாப்பிட்டதில்லை.

தார்ப்பாயை இழுத்ததும் நவநீதன் குழந்தைபோல ஆகிவிட்டான். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற உடம்பு, நீளமான மூக்கு, நல்ல சிவப்பு. பத்து வயசில் ஏதோ காலண்டரில் இப்படி ஒரு காரைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறெதன் மேலும் உண்மையான ஆசை வந்ததில்லை என்று வையாபுரியின் மகள் சுகந்தி கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தாள்.

"தண்ணி படாத வண்டி தம்பி" என்றார் சவரிநாதன். "ஆனா மேஸ்திரி பாத்துச் சொல்லட்டும். குறை இருந்தா சொல்லித்தான் குடுப்பேன். மறைச்சு வித்தேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

வையாபுரி பார்த்தார். வெயில் சாய்வாக விழுகிற பக்கம் குந்தி உட்கார்ந்து பெயின்ட்டில் அலை தெரிகிறதா என்று பார்த்தார். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவு, மட்கார்டு, பேனட் என்று எல்லா இடத்திலும் வைத்து, அது எங்கேயாவது பிடிக்காமல் நழுவுகிறதா என்று பார்த்தார். சாக்கை விரித்து அடியில் படுத்துச் சேசிஸை முன்னும் பின்னும் தட்டினார். டிக்கியில் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி அதன் குழிக்குள் டார்ச் அடித்தார். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியைச் சாண் சாணாக அழுத்தினார். முப்பது வருசத்து வண்டி, அதுவும் உப்புக் காற்றில் ஓடிய வண்டி, அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவருக்குச் சந்தோசம் வரவில்லை, முதலிலிருந்து மறுபடி தட்டிப் பார்த்தார். கடைசியாக டிரைவர் சீட்டுக்கு அடியில் மிதியடியைத் தூக்கியபோது, தகரத்தில் ஒரு ரப்பர் மூடி தெரிந்தது. இந்த மாதிரி மூடியின் ஓரத்தில்தான் துரு முதலில் உட்காரும் என்பதால் அதை நகத்தால் நெம்பி எடுத்தார்.

அந்த ஓட்டைக்குக் கீழே கொட்டகையின் மண்தரை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது கருநீலம். அது கொஞ்சம் அசைந்தது, பிறகு மேலே வந்தது, அவர் விரலை நனைத்து, மிதியடியை நனைத்து, கதவு வழியாக வழிந்து தரையில் இறங்கியது. அவர் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. மூடியைத் திரும்ப வைக்கப் போனால், அது கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போய் வெளியே சாக்கடையில் விழுந்து மறைந்தது.

"ஏனுங் மாமா, உள்ள தண்ணி நின்னிருக்குதாட்ட இருக்குதே" என்றான் நவநீதன். "அப்படீன்னா துரு இருக்குமுங்களே?"

சவரிநாதன், தண்ணீர் தன் செருப்பைத் தொடுவதற்கு முன்னால் இரண்டடி பின்னால் போனார். அது மறுபடி தொட வந்தபோது மறுபடி இரண்டடி பின்னால் போனார். கொட்டகையின் சுவர் முதுகில் முட்டிய பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

முதல் நாள் கரட்டடித் தெருப் பெண்கள், குழாய் உடைந்துவிட்டது என்று குடங்களோடு ஓடி வந்து, வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிவிட்டு, வையாபுரியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் சாக்கடையில் இறால் வந்தது. ஐந்தாம் நாள் மத்தி வந்தது, அதுவும் கூடை கூடையாக, அள்ள ஆளில்லாமல். அன்றைக்குக் கரட்டுப்பாளையத்தில் மீன்குழம்பு வாசம் வராத வீடு, விரதக்காரர்கள் வீடு இரண்டும் சவரிநாதன் வீடும்தான். எட்டாம் நாளிலிருந்து தண்ணீர் காலையில் இறங்கவும் மத்தியானம் ஏறவும் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள். பட்டறைகளில் வேலை செய்கிற மேடையை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார்கள். கரட்டின் மறுபக்கம் தானாகவே மணல் சேர்ந்து, அதில் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜிக் கடையும், பலூன் சுடுகிற பலகையும், எங்கிருந்தோ ஒரு கிழட்டுக் குதிரையும் வந்து சேர்ந்தன. அமாவாசைக்குத் திதி கொடுக்க இனிமேல் பஸ் ஏற வேண்டியதில்லை என்று ஐயர் ஒருவர் பலகையும் தர்ப்பையுமாக வந்து இடம் பிடித்தார். பஞ்சாயத்துத் தலைவி மயிலாத்தாள், அவள் சார்பில் எப்போதும் பேசுகிற அவள் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "குளிக்கிறவங்க இடுப்புக்கு மேல தண்ணில எறங்கக் கூடாது" என்று முதன்முதலாகத் தன் வாயால் ஓர் உத்தரவு போட்டாள். அளக்க வந்த அதிகாரி கயிற்றை விட்டுப் பார்த்து, கயிறு தீர்ந்ததும் இன்னொரு கயிறு வாங்கிவரச் சொல்லி, அதுவும் தீர்ந்ததும் படிவத்தைப் புரட்டினார். அதில் கடல் என்று எழுத இடம் இல்லாததால் 'குழாய்க் கசிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, நவநீதன் வாரத்துக்கு இரண்டுமுறை வந்து கேட்டது ஒரே கேள்விதான். "மாமா, துரு இருக்குதுங்களா இல்லீங்களா?"

வையாபுரி தினமும் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் காரைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் வழிகிற தகரம் ஒரு வாரம் தாங்காது, பதினைந்து நாளில் கண்டிப்பாகச் சிவப்புத் தட்டும் என்று இருந்தார். தட்டவில்லை. கார்த்திகை முடிந்தது, மார்கழி நடந்தது, கார் அன்றைக்கு வாங்கியதுபோல நின்றது. துருப் பிடித்ததெல்லாம் மற்றவைதான். முதலில் கொட்டகையின் ஆணிகள் போயின. அப்புறம் கடைகளின் ஷட்டர்கள் பாதி வழியில் சிக்கி ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நின்றன. பட்டறைகளில் கட்டி முடித்து நிறுத்திவைத்த லாரிக் கூடுகளில், பூசின பெயின்ட் அப்பளம்போலப் பொரிந்து எழுந்தது. வெளியூர் லாரிக்காரர்கள் வரத்து நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கையோடு வந்தது. கிணறுகள் கரித்தன, காபிக்குப் பால் ஊற்றினால் திரிந்தது, தென்னை நுனியிலிருந்து கருகியது. மீன் தின்று சலித்த ஜனங்கள் ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்தக் கார் இங்கிருந்து போய்விட்டால் தேவலை என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள்.

தை பிறந்ததும் கூட்டம் போட்டார்கள். இருபது பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தும் கார் நகராததால், சாவி போட்டு ஓட்டினால்தான் போகும் என்று ஆயிற்று. சாவி சவரிநாதனிடம் இருந்தது.

"நான் ஓட்டமாட்டேன்" என்றார் சவரிநாதன். "அதுல உக்காந்தா அவ மடியில உக்காந்த மாதிரி இருக்கும். வாங்குறவர் ஓட்டட்டும்."

"மாமா துரு இல்லைன்னு சொன்னா நான் இப்பவே எடுத்துக்கறேன்" என்றான் நவநீதன். "தண்ணியப் பத்தி எனக்குக் கவலையில்லீங்க. எங்க பண்ணை மேட்டு மேலதான் இருக்குது."

அப்புறம் எல்லாரும் வையாபுரியைப் பார்த்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் இறங்கின நேரத்தில், ஊர் முன்னால் அவர் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்க அவர் மனசுக்குள் ஒரே ஓட்டமாக இருந்தது. துரு இருக்கிறது என்று சொன்னால் மாப்பிள்ளை வாங்கமாட்டார், ஊர் அழியும். இல்லை என்று சொன்னால் கார் ஓலப்பாளையம் போகும், அதோடு கடலும் போகும், மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். இருபத்தெட்டு வருசமாகத் துரு இருக்கக்கூடாது என்று தேடினவர், இப்போது ஒரு மிளகு அளவாவது இருக்கவேண்டும் என்று தேடினார். அப்படி ஒன்று கிடைத்தால் உண்மையைச் சொல்லியே மகளைக் காப்பாற்றிவிடலாம். நுனி வளைந்த கம்பியில் கண்ணாடித் துண்டைக் கட்டிக் கதவுக்குள் விட்டுப் பார்த்தார். விளக்குகளைக் கழற்றி அவற்றின் பின்னால் பார்த்தார். ஒவ்வொரு திருகாணியையும் திருகி எடுத்து வெயிலில் காட்டித் திரும்பத் திருகினார். ஒன்றும் இல்லை.

"ஒரே ஒரு பொய்தானுங்க" என்றாள் அவர் மனைவி பாவாயி. அவள் கண் அழுது வீங்கியிருந்தது. "ஊரு போனாப் போவுது. நாம எங்காச்சும் போயிப் பொழைச்சுக்கலாம். புள்ளையப் பாருங்க."

சனிக்கிழமை சுகந்தியே வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, பட்டறை மேடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, துரு இருக்குதுன்னு சொல்லப் போறீங்களா?"

அவர் திருப்புளியை எடுத்துத் துணியில் துடைத்தார்.

"சொல்லாதீங்கப்பா. அவரு சாப்புடறதில்ல, தூங்கறதில்ல, அந்தக் காரப் பத்தித்தான் பேச்சு. நீங்க வேணும்னே தடுத்தீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுதுன்னா, அத நாந்தான் வீட்ல கேக்கோணும். வருசக் கணக்காக் கேக்கோணும். அத்தையும் சேந்துக்குவாங்க."

"கண்ணு, அது காரில்லம்மா."

"தெரியுதுப்பா" என்றாள் சுகந்தி. கீழே, மேடையின் கால்களைச் சுற்றி, சின்னச் சின்ன வெள்ளி மீன்கள் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆனா என்னால என்னப்பா பண்ண முடியும்? நான் வேண்டாம்னு சொன்னேன். ஒருக்கா இல்ல, நாலஞ்சு தடவை சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரட்டடித் தெருவில் நின்றது. கூரை மேல் ஆட்கள் இருந்தார்கள், பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். வையாபுரி குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்து, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, தொண்டையைச் செருமினார்.

"துரு இருக்குதுங்க மாப்ள" என்றார்.

கூட்டத்தில் பின்னால் நின்ற யாரோ 'ஐயோ' என்றார்கள். பாவாயி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நவநீதன் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் மரியாதையாக, மெதுவாகக் கேட்டான்.

"எங்கீங் மாமா? காட்டுங்க."

அவ்வளவு தூரம் வையாபுரி யோசித்திருக்கவில்லை. துரு என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். இத்தனை வருசம், இடத்தை முதலில் கண்டு, அதன் பிறகுதான் அவர் வாயைத் திறந்திருக்கிறார்; வார்த்தையைச் சொல்லிவிட்டு இடம் தேடி அவர் கை ஒருநாளும் அலைந்ததில்லை. இப்போது அது காற்றில் அலைந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வளைவைக் காட்டியது. நவநீதன் தண்ணீரில் மண்டியிட்டு, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தான். தேய்த்த இடம் கண்ணாடிபோல மின்னியது. "இங்கீங்களா? இல்ல கீழீங்களா?" என்று உள்பக்கம் கைவிட்டுத் தடவினான். விரலை வெளியே எடுத்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான், வேணுமென்று செய்யவில்லை, அவனுக்கே புரியாமல்தான்.

"ஏனுங் மாமா" என்றான். "நான் வாங்கறது உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது."

தெருவில் நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வையாபுரி சுகந்தியைப் பார்த்தார். அவள் மாமியாரின் பக்கத்தில், தலையைக் குனிந்து, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க மாப்ள" என்றார் வையாபுரி. "என்ற கண்ணுதான் மங்கிப்போச்சு. துரு இல்லீங்க. எங்கியுமே இல்லீங்க."

மறுபடி அதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். ஊர் மூச்சு விட்டது. சிலர் கைகூடத் தட்டினார்கள். சவரிநாதன் சாவியைக் கொடுக்கும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். நவநீதன் உட்கார்ந்து திருகினதும், இத்தனை வருசம் சும்மா நின்ற இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. இன்னொரு சீட்டில் சுகந்தி ஏறினாள். காருக்குள்ளும் தண்ணீர் அவள் கணுக்காலுக்கு மேலே நின்றது. செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பாவாயி ஓடிப்போய் ஒரு துண்டைக் கொடுத்து, "காலத் தொடச்சுக்கம்மா" என்றாள். 

கார் கிளம்பிற்று. அது மெதுவாகத் தெருவைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி, ஓலப்பாளையம் பக்கம் திரும்பியது. கடல் எழுந்து அதன் பின்னால் போனது. சாக்கடைகளிலிருந்தும், கிணறுகளிலிருந்தும், பட்டறைகளின் மேடைக்கு அடியிலிருந்தும், கரட்டின் மறுபக்கத்திலிருந்தும் ஒன்றாகச் சேர்ந்து, அவசரமில்லாமல், நீளமான சேலையை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல, ரோட்டின் அகலத்துக்குள்ளேயே அடங்கிப் போயிற்று. மீன்களும், பலூன் சுடுகிறவரின் பலகையும், தானாகவே திரும்பி நடந்த அந்தக் கிழட்டுக் குதிரையும் அதோடு போயின. மத்தியானத்துக்குள் கரட்டுப்பாளையம் காய்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஜனங்கள் துடைப்பம் எடுத்து உப்பைக் கூட்ட ஆரம்பித்தார்கள். வையாபுரியைப் பார்த்தவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவரோடு நின்று பேசத்தான் யாரும் வரவில்லை.

நாலாம் நாள் பஸ் ஸ்டாப்பில் சவரிநாதன் ஒரு தோல்பையோடு நின்றார்.

"எங்கீங்க?" என்றார் அந்தப் பக்கம் வந்த வையாபுரி.

"ஓலப்பாளையம்" என்றார் அவர். "கடலே வேண்டாம்னுதான் மேஸ்திரி இங்க வந்தேன். இந்த மூணு மாசம் தினம் அந்தச் சத்தத்துல தூங்கிட்டேன். இப்ப சத்தம் இல்லாம முடியல. அங்க யாராவது ஒரு ரூம் குடுப்பாங்க."

வையாபுரி அவர் பையைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார். தானும் அப்படி ஏறிப் போய்விட முடிந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் எந்த முகத்தோடு தங்குவது? விசேசத்துக்குப் போகலாம், ஒருவேளை சாப்பிடலாம், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

மாசியில் அப்படி ஒருமுறை போனார். கோழிக் கூண்டுகளின் கம்பிகள் எல்லாம் காவி நிறத்தில் இருந்தன. நவநீதன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், மாமனாரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்து, "பாத்தீங்களா மாமா, ஒரு பொட்டு இல்ல, உங்க வாக்கு வாக்குதானுங்க" என்றான். அவன் மனசார அப்படி நம்பினான். சம்பந்தியம்மா காபி கொண்டுவந்தார். அது கரித்தது. வையாபுரி கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மாள் அவர் குடிப்பதையே பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் போன்தான். கரட்டுப்பாளையத்தில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் கதவையும் அவர்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், சாகிறவரைக்கும் தீராத வேலை. நடுவில் மகள் கூப்பிட்டால் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுவார். அவள் தக்காளி விலை சொல்வாள், சவரிநாதன் தினமும் வந்து தண்ணீர் ஓரத்தில் உட்காருகிறார் என்று சொல்வாள், அம்மாவை மாத்திரை சாப்பிடச் சொல்வாள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"தண்ணி எப்படிம்மா இருக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா. வீட்டுக்குள்ள எல்லாம் வரல. ரெண்டாவது படி வரைக்குந்தான்."

"மொத்தம் எத்தனை படிம்மா?"

சுகந்தி, "நீங்க சாப்டீங்களாப்பா?" என்றாள்.

அவருக்குத் தெரியும். கல்யாணத்தன்று சீர்வரிசை பீரோவை அந்தப் படிகளின் வழியாக ஒருபக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். மூன்று படிகள். மூன்றாவது படியில் காலை வைத்து நிமிர்ந்தபோது, வாசல்படியில் சுகந்தி மாலையோடு நின்று, "பாத்துப்பா, பாத்து" என்றாள்.

"சாப்ட்டேன்மா" என்றார்.